ஐம்பத்தெட்டு இறாத்தல்

தொண்ணூறுகளின் நடுவில் நான் பார்த்த வேலையைச் சொன்னால் எங்கள் சனம் நம்பாது. நான் குடியிருந்த பார்க்டேலில் இருந்து இரண்டு பஸ் மாறி, விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கிடங்குக்குப் போவேன். ஆர்க்டிக் பனியில் கூடாரம் அடித்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தேவையான சாமான் அங்கிருந்துதான் போகும். கூடாரம், அடுப்பு, கயிறு, ரேடியோ, அரிசி, பருப்பு, பால்மா, எல்லாம். நான் ஒரு நெருப்புப்பெட்டியை வைக்க மறந்தால், உலகத்தின் உச்சியில் நாலு பேர் பச்சைப் பருப்பைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். தெரிந்த ஆட்கள் எல்லாம் டோனட் கடையிலும் தொழிற்சாலையிலும் மாரடிக்க, நான் வடதுருவத்துக்குச் சமையல் சாமான் கட்டுகிறேன் என்று எனக்கு ஒரே புளுகம், தலைகால் தெரியாத பெருமை. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கேட்காவிட்டாலும் சொல்லுவேன்.

ஒரு வசந்தகாலத்தில் தன் குழுவின் பெட்டிகளைச் சரிபார்க்க ஒரு மாணவி வந்தாள். தமிழ்நாட்டுப் பிள்ளை. ஒரு தீவின் பனிமேட்டில் துளைபோட்டு, ஆழத்தில் இருக்கும் பழைய ஐஸை நீளத் துண்டாக எடுப்பதுதான் அவளுடைய படிப்பு. போன வருடம் புயல் அடித்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். இந்த முறையும் கிடைக்காவிட்டால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். என் சாப்பாட்டுப் பெட்டியில் இருந்த புட்டில் பாதியைத் தின்றுகொண்டே, “ஒரே ஒரு நீளத் துண்டு வந்தா போதும்க்கா. அதுக்கப்புறம் எனக்கு எதுவும் வேணாம்” என்றாள். அன்றைக்கே அவள் எனக்குச் சொந்தக்காரியாகிவிட்டாள்.

அங்கேதான் வினை பிடித்தது. எங்கள் கிடங்கில் நான் பெட்டியை அடுக்க வேண்டும். ஒரு யாழ்ப்பாணத்து அண்ணை தராசில் நிறுத்து, நிறையை வெளியில் எழுதுவார். பிறகு டேப் ஒட்டி மூடுவதற்கு அது திரும்ப என்னிடம் வரும். சாப்பாடு ஆளுக்கும் நாளுக்கும் கணக்குப் பண்ணியது. அதில் ஒரு பிடி கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஆனால் நாலு பேருக்கு நாலு பேர் அளவுக்கே சோறு போடுகிற வீட்டில் நான் வளரவில்லை. யாராவது வந்தால்? பனிமேட்டுக்கு யார் வரப்போகிறார்கள் என்று மூளை கேட்கும். கை கேட்காது. மூடப் போகும்போது மூலையில் ஒரு இடைவெளி கண்டால் போதும், தமிழ்க் கடைப் பை ஒன்றில் கொஞ்சம் அரிசி, கொஞ்சம் சீனி போட்டு, முடிச்சுப் போட்டு மேலே வைத்துவிடுவேன். எல்லாக் குழுவுக்கும் அப்படித்தான். அந்தப் பிள்ளையின் பெட்டிகளுக்கு இரட்டிப்பாக வைத்தேன்.

அவள் போன மூன்றாம் நாள் காலையில், எங்கள் சாமான் முதலில் போய் இறங்கும் வடக்குத் தளத்தில் இருந்து மனேஜருக்குத் தொலைநகல் வந்தது. பனிமேட்டுக்குப் பறக்கும் சின்ன விமானத்தில் ஏற்றமுன் அங்கே எல்லாவற்றையும் மறுபடி நிறுத்திருக்கிறார்கள். நாங்கள் எழுதியதைவிட ஏறக்குறைய அறுபது இறாத்தல் கூட. சாப்பாட்டை விடமுடியாது, கூடாரத்தை விடமுடியாது. ஆகவே ஒரு பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அதை அடுத்த விமானத்தில் அனுப்பலாம் என்று பறந்துவிட்டார்கள். இறக்கிய பெட்டியில் இருந்தது துளைபோடும் இயந்திரத்தின் மோட்டார். அவர்களுக்கென்று அடுத்த விமானம் போகப் பன்னிரண்டு நாள் ஆகும். அதற்குள் அவர்களுடைய நாட்களில் முக்கால்வாசி போய்விடும்.

மனேஜர் ஒரு வெள்ளைக்காரர், பத்து வருடம் வடக்கில் இருந்தவர். நேரே தராசடிக்குப் போனார். அண்ணைக்கு முகம் கறுத்துப்போயிற்று. “தராசு சரிதான். நான் ஒழுங்காத்தான் நிறுத்தனான்” என்று தமிழில் என்னைப் பார்த்துச் சொன்னார், ஆங்கிலத்தில் சொல்ல வாய் வராமல். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று பள்ளிக்கூடத்தில் நூறு தரம் எழுதியவள் நான். அந்தப் பிள்ளையின் மோட்டாரை என் சீனியும் அரிசியும் அல்லவா இறக்கி வைத்துவிட்டன!

நான்தான் செய்தேன் என்று சொன்னேன். தராசில் இருந்து பெட்டி இறங்கின பிறகு வைத்தேன், எல்லாக் குழுவுக்கும் வைத்தேன் என்று, கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன். மனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். அண்ணைதான் வாயைத் திறந்தார்.

“உவ்வளவும் ஆருக்குப் பிள்ளை? கரடி விருந்துக்கு வருமெண்டே?”

எல்லாக் குழுவுக்கும் என்ற சொல் மனேஜர் காதில் அப்போதுதான் விழுந்தது. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த பறப்பு அட்டவணையைப் பார்த்தார். கடற்பறவைகளை ஆராயும் குழு ஒன்று இன்னும் ஒரு மணித்தியாலத்தில் அதே தளத்தில் இருந்து வேறொரு தீவுக்குப் பறக்க இருந்தது. வழியில் அந்தப் பனிமேட்டில் இறங்கலாம். ஆனால் விமானம் முட்ட நிறைந்திருந்தது. ஒரு இறாத்தலும் கூட ஏற்றமாட்டேன் என்று விமானி ஒற்றைக் காலில் நிற்பதாகத் தளத்தில் இருந்தவர் போனில் சொன்னார். மனேஜர் ரிசீவரை என் கையில் தந்தார். பறவைக்காரருக்கு நீ கூட வைத்ததை இறக்கினால் மோட்டாருக்கு இடம் வரும், எந்தெந்தப் பெட்டி, சொல்லு என்றார்.

கண்ணை மூடிக்கொண்டு சொன்னேன். மூன்று, ஐந்து, ஆறு, ஒன்பது, பதினொன்று. டேப்பை வெட்டுங்கள், மேலேயே ஒரு முடிச்சுப் போட்ட பை இருக்கும், அதை மட்டும் எடுங்கள். அங்கே அவர்கள் பெட்டிகளை இழுக்கிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பையாக நிறுத்துக் கூட்டிச் சொன்னார்கள். நாற்பத்தொன்பது. மோட்டார்ப் பெட்டி ஐம்பத்தெட்டு. விமானி இயந்திரத்தைச் சூடாக்கத் தொடங்கிவிட்டார்.

மனேஜர் என்னைப் பார்த்தார். இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. ஏனென்றால் இருந்தது. பதினான்காம் பெட்டியில் ஒரு முழுப் பத்து இறாத்தல் சீனிப் பையை, கூடாரத் துணிக்குள் சுற்றி ஒளித்து வைத்திருந்தேன். குளிரில் தேத்தண்ணிக்கு உதவுமே என்று.

அதையும் சொன்னேன். அண்ணை தலையில் அடித்துக்கொண்டார். போனில் ஒரு நீளச் சிரிப்புக் கேட்டது, பிறகு தொடர்பு அறுந்துவிட்டது. மோட்டார் ஏறியதா இல்லையா என்று தெரியாமல் அந்த நாள் முழுக்க நான் பச்சைத் தண்ணியும் குடிக்கவில்லை. டேப் ஒட்டும் வேலை அன்றைக்கே அண்ணை கைக்குப் போயிற்று. என் சீட்டுக் கிழிவதா இல்லையா என்று பிறகு யோசிப்பதாக மனேஜர் சொன்னார். சத்தியமாக அது எனக்குப் பெரிதாகப் படவில்லை.

மறுநாள் மத்தியானம் மனேஜர் என்னைக் கை காட்டிக் கூப்பிட்டார். தளத்தில் இருந்தவர் பனிமேட்டு ரேடியோவைப் போனோடு இணைத்துவிட்டிருந்தார். இரைச்சலுக்கு நடுவே அவளுடைய குரல்.

“அக்கா! மோட்டார் வந்துடுச்சு! இப்ப போட்டுட்டு இருக்கோம். கேளுங்க, ஓவர்!”

“ஓம், ஓம், கேக்குது! ஓவர்!” என்று கத்தினேன். வடக்கே எத்தனை கூடாரங்களில் அந்த ரேடியோவைக் கேட்டுக்கொண்டிருந்தார்களோ, எல்லாரும் எங்கள் தமிழையும் கேட்டிருப்பார்கள்.

அவள் பொத்தானை அமத்தியபடியே ரேடியோவைத் துளைக்குப் பக்கத்தில் பிடித்தாள் போல. மோட்டார் உறுமுவது கேட்டது. நிமிடக்கணக்காக உறுமியது. பிறகு சட்டென்று நின்றது. காற்றுச் சத்தம் மட்டும். எரிந்துபோச்சோ, உடைந்துபோச்சோ என்று ரிசீவரைக் காதோடு நசுக்கினேன். அண்ணையும் டேப்பைக் கையில் பிடித்தபடி வந்து நின்றார்.

அப்போது நாலு பேர் ஒன்றாகக் கத்தியது கேட்டது. அதில் ஒருத்தி தமிழில் கத்தினாள்.

“முழுசா வந்துடுச்சுக்கா! உடையாம, முழுசா!”