நான் போட்ட முடிச்சு

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மதுரையில் லோடு கட்டும் ஆளாகச் சேர்ந்து, இன்று நாலு லாரிக்குச் சொந்தக்காரன். நான் கயிறு போட்ட லோடு ஒரு தடவைகூடச் சரிந்ததில்லை.

என் மகள் செல்விக்கு ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. போன வருஷம் அழகர்கோவில் பக்கம் ஒரு கண்மாயில், மாற்றுத்திறனாளிகளுக்குத் துடுப்புப் படகு ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். ஆசையாகப் போனாள். ஏறியதும் படகு ஆடியது. பயிற்சி கொடுக்கும் அம்மா அந்தப்பக்கம் திரும்பிய நேரம், கையோடு கொண்டுபோயிருந்த லாரிக் கயிற்றால் செல்வியை இருக்கையோடு சேர்த்து இறுக்கினேன்.

"கட்டக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்கப்பா."

"அம்புட்டு லோடு கட்டுனவனுக்கு நீ சொல்லித் தாரியா?"

"நான் லோடு இல்லப்பா."

சிரித்துக்கொண்டே கயிற்றின் மேல் என் துண்டைப் போட்டு மறைத்தேன். அப்பனைப் பலர் முன்னால் விட்டுக்கொடுக்க மனசில்லாமல் அவளும் வாயைத் திறக்கவில்லை.

பத்தடி போவதற்குள் காற்றில் படகு கவிழ்ந்தது. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தும் அவள் மிதக்கவில்லை, படகோடு தலைகீழாகத் தண்ணீருக்குள் கிடந்தாள். மார்பளவுத் தண்ணீர்தான். ஓடினேன். நான் போட்ட முடிச்சை என்னாலேயே அவிழ்க்க முடியவில்லை. அந்த அம்மாதான் கத்தியால் அறுத்து எடுத்தார்.

செல்வி வெகுநேரம் இருமினாள். பிறகு அந்த அம்மாவிடம், "படகை நிமித்துங்கக்கா, இன்னொரு தடவை போறேன்" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

இப்போதும் வாராவாரம் அழைத்துப்போகிறேன். கயிறு லாரியில் கிடக்கும். "என்னம்மா செய்யணும்?" என்று கேட்டு, அவள் சொன்ன பிறகுதான் கை வைக்கிறேன். பல நாள், "ஒண்ணும் வேணாம்ப்பா, கரையில இருங்க" என்பாள். இருக்கிறேன்.