கறுப்புத் துணிக்குள்ளே

மே முதல் நாள் இங்கிலாந்தின் பாட்ஸ்டோ ஊர்த் தெருக்களில் ஒருவன் தோளில் சுமந்து ஆடிவரும் பொம்மைக் குதிரையின் கறுப்புத் துணிக்குள் அகப்படும் பெண்ணுக்கு, வருடத்துக்குள் பிள்ளை பிறக்கும் என்பார்கள். மீன்கடை டாம்சின் கல்யாணமானதிலிருந்து வருடம் தவறாமல் அகப்பட்டவள்; பிள்ளைதான் பிறக்கவில்லை. வயது நாற்பத்து நான்கு. இந்த முறை சுவரோரம் பதுங்கினாள்.

"எங்கடி ஒளியிற? இந்த வருஷமும் விடுறதா இல்ல" என்று பக்கத்து வீட்டு லவ்டே பிடித்துத் தள்ளினாள்.

துணி வந்து மூடியது. குதிரைக்குள் நின்றவன் அவள் புருஷன் பெட்ராக்.

"இனி வேண்டாம்னு தொட்டிலை யாருக்கோ தூக்கிக் குடுத்தவனே நீதானே. அப்புறம் எதுக்கு இது?" என்றாள் டாம்சின்.

"உன்னைத் தாண்டிப் போனா ஏன்னு கேப்பாங்க டாம்சின். என்னன்னு சொல்லுவேன்?"

வெளியே கைதட்டினார்கள். சிரித்துக்கொண்டேதான் வெளியே வரவேண்டும். வந்தாள்.