கேட்டுக்கு வெளியே என் வண்டி

ஒரகடம் கார் பேக்டரியில், காடு மேடெல்லாம் ஏறும் ஜீப் மாதிரி வண்டிகளுக்குக் கதவு மாட்டுவதுதான் என் வேலை. சொந்தமாக ஒன்று வாங்க நினைத்ததும், எங்கள் கம்பெனி வண்டியையும் போட்டிக் கம்பெனி வண்டியையும் ஒரே நாளில் போய்ப் பார்த்தேன்.

இரண்டு ஷோரூமிலும் என் வீட்டுக்காரரிடம்தான் பேசினார்கள். அவருக்கு ஸ்கூட்டர்கூட ஓட்டத் தெரியாது. "கலர் மட்டும் நீங்க சொல்லுங்க மேடம்" என்றான் ஒருத்தன். நான் பேக்டரி லைனில் செய்வதுபோல், இடைவெளி சீராக இருக்கிறதா என்று கதவு இடுக்கில் நகத்தை ஓட்டினேன், சாத்தி சத்தம் கேட்டேன். பிள்ளைப்பாக்கம் ஏரிக்கரைச் சேற்றில் இரண்டையும் நானே ஓட்டினேன். போட்டிக்காரன் வண்டிதான் ஜெயித்தது. அதையே வாங்கினேன்.

"சோறு போடுற கம்பெனிக்கே துரோகமாம்மா?" என்றார் சூப்பர்வைசர்.

"கதவு மாட்டத்தான் சார் சம்பளம் வாங்குறேன், ஜால்ரா அடிக்க இல்ல."

வேறு கம்பெனி வண்டி உள்ளே வரக்கூடாது என்பது எங்கள் ரூல். செக்யூரிட்டி கேட்டிலேயே மடக்கினார். போகட்டும் என்று வெளியே, லாரிகளுக்கு நடுவில் நிறுத்தினேன்.

ஒரு வாரம் கழித்து ஷிப்ட் முடிந்து வந்தால், சூப்பர்வைசர் என் வண்டிப் பக்கத்தில் குனிந்து கதவு இடுக்கில் நகத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்.

சாவியை நீட்டினேன்.

"தொறந்து சாத்தியும் பாருங்க சார்."