குளிர் பட்டால் உடையும் ரத்தம்

குளிர் மலையூரான பொட்டோசியின் சந்தையில் மீன் விற்ற காசிமிராவுக்குத் தங்கை நெமேசியாவின் பேச்சை எடுத்தாலே வயிறு எரியும். சாந்தா குரூஸிலிருந்து வந்த லாரி ஓட்டுநர் எவரிஸ்தோ முதலில் பெண் கேட்டது காசிமிராவைத்தான். படுக்கையில் கிடந்த அப்பாவை விட்டு வர முடியாதென்று அவள் சொல்லிவிட, தங்கையைக் கட்டிக்கொண்டு போனான். தங்கை வெயில் ஊரில் வாழ்ந்தாள். அப்பா இறந்த பிறகும் இவள் ஐஸ் தண்ணீரில் மீன் அலசினாள்.

ஒரு குளிர்காலத்தில் இவள் விரல்கள் நீலம் பாரித்தன. சிறுநீர் கோலா நிறத்தில் போனது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது.

"இந்த மலையில எல்லாருக்கும் ரத்தம் கெட்டியா இருக்கும். உங்களுக்குத்தான் நீர்த்துப்போன டீ மாதிரி இருக்கு," என்றார் மருத்துவர். "குளிர் பட்டதும் உங்க ரத்தத்துல இருக்கிற எதிர்ப்பொருள் சிவப்பணு மேல ஒட்டிக்குதும்மா. உடனே காம்ப்ளிமென்ட்னு ஒரு புரதக் கூட்டம் வந்து சேருது. கிருமியைக் கொல்ல வேண்டியது, உங்க அணுவையே எதிரின்னு அடையாளம் போட்டுருது. சிலதை ஓட்டை போட்டு உடைக்குது. மிச்சத்தைக் கல்லீரல் பிடிச்சு முழுங்கிடுது."

"இதுக்கு என்ன வழி?"

"மருந்து தர்றேன். வெக்கையான ஊர்ல சொந்தம் யாராவது இருக்காங்களா?"

"இருக்கா ஒருத்தி," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.

போகவில்லை. கடையிலேயே மயங்கி விழுந்து, சூடாக்கிய ரத்தம் ஏற்றிய பிறகுதான் பேருந்து ஏறினாள்.

நெமேசியாவின் வீட்டில் மாமரம், பெரிய கட்டில், சுவரில் ஏசி. எல்லாவற்றையும் காசிமிராவின் கண் அளந்தது. எவரிஸ்தோவுக்குத் தொப்பை விழுந்திருந்தது. அதுகூடத் தன்னுடையதாக இருந்திருக்க வேண்டியது என்று தோன்றியது.

ஏசி ஓடியதும் அவள் விரல்நுனி நீலமானது. நெமேசியா அதைப் பார்த்துவிட்டு எழுந்துபோய் ஏசியை நிறுத்தினாள்.

"உனக்கு வேர்க்குமேடி."

"வேர்க்கட்டும் அக்கா. நீ கையைப் போர்வைக்குள்ள வை."

மாதங்கள் போயின. ரத்தம் கொஞ்சம் ஏறியது, சிறுநீர் தெளிந்தது. மதியங்களில் தங்கை விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள், கழுத்தெல்லாம் வியர்க்குரு. ஏசியைத் தொடவில்லை.

காசிமிராவுக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. வெயிலும் வீடும்தான் தங்கைக்குப் போயிற்றென்றால், விட்டுக்கொடுக்கிற பெருமையையும் அவளே எடுத்துக்கொண்டாளே என்று மனசு கருகியது. அந்தக் கருகலோடே, தங்கையின் வியர்க்குருவுக்குப் பவுடர் போட்டுவிட்டாள்.