தறிக்கூடத்தில் விழுந்த குத்து

கொளஞ்சியை ஊரில் ‘பொக்ஸேர்’ என்றால்தான் தெரியும். பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் குத்துச்சண்டை பழகியவர்; பாக்ஸரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஐம்பத்து நாலில் பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டிய பிறகும் அந்தப் பட்டப்பெயர் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. வாரம் முழுக்க எங்களோடு மில்லில் தறி ஓட்டுவார், ஞாயிற்றுக்கிழமை மேடையேறுவார். அங்கே கை தட்டியவர்களில் ஒருவனாவது மறுநாள் அவர் வீங்கிய முகத்தைப் பார்க்க வந்திருப்பானா? எனக்கு அந்தக் கூட்டத்தின்மேல் இன்றைக்கும் கோபம்தான்.

ஐம்பத்தேழில் மதராஸிலிருந்து வந்த ஒருவன் நெற்றிப்பொட்டில் விட்ட குத்தில் மயங்கி விழுந்தார். எழுந்தார், ஆனால் பழைய ஆளாக எழவில்லை. யார் பின்னாலிருந்து தொட்டாலும் கை தானாக ஓங்கிக்கொள்ளும். மனைவி ஆதிலட்சுமிகூட அவரை எட்ட நின்றுதான் எழுப்புவாள்.

“மில்லுல ஒரு வார்த்த சொல்லிடுங்களேன்” என்று கெஞ்சினாள்.

“சொன்னா பைத்தியம்னு வூட்டுக்கு அனுப்பிடுவான்” என்று அவள் வாயை அடைத்துவிட்டார்.

தறிக்கூடத்தில் எட்ட நின்று கூப்பிட முடியாது. அத்தனை தறி இரைச்சலில் இடி விழுந்தாலும் கேட்காது. ஆளை அழைக்கவேண்டுமென்றால் பின்னால் போய்த் தோளைத் தட்டுவோம். அன்று பக்கத்துத் தறி தணிகாசலம், அறுந்த நூலைக் காட்டத் தட்டினார். கொளஞ்சி திரும்பிய வேகத்தில் குத்து அவர் இடது கண்ணில் இறங்கியது.

நாங்கள் யாரும் பார்க்கவில்லை. அவரவர் தறியில் இருந்தோம். தறிகளை நிறுத்திவிட்டு ஓடியபோது தணிகாசலம் கண்ணைப் பொத்திக்கொண்டு, “நாடா தெறிச்சிடுச்சி” என்றார். நூலைச் சுமந்து ஓடும் நாடா சில சமயம் தறியைவிட்டுப் பறந்து ஆளை அடிப்பதுண்டு. எல்லோரும் நம்பினோம். மில்லுக்குள் கைகலப்பு என்றால் அடித்தவன் வேலை போகும். சிநேகிதன் குடும்பம் தெருவுக்கு வந்துவிடக் கூடாது என்றுதான் அந்தப் பொய்.

கண் போய்விட்டது. வேலையில் அடிபட்டவர் என்று தணிகாசலத்துக்கு வாசல் காவல் கொடுத்தார்கள். கொளஞ்சியின் தறியைச் சரியாகப் பூட்டவில்லை என்று மேஸ்திரி இராமதாஸை நீக்கினார்கள். “அந்தத் தறி தெறிக்காதுங்க” என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னதை எவனும் காதில் வாங்கவில்லை.

சில மாதம் கழித்துக் கொளஞ்சி இராமதாஸைப் பாலத்து மேட்டில் பார்த்தார். ரிக்‌ஷா இழுக்க முடியாமல் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவர், “வா பொக்ஸேர், ஏறிக்க, வூட்டாண்ட வுட்டுடறேன்” என்றாராம். அதற்குப் பிறகு கொளஞ்சிக்குச் சோறு இறங்கவில்லை. தணிகாசலத்திடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக மேனேஜரிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

இராமதாஸ் திரும்பவும் மேஸ்திரி ஆனார். கொளஞ்சிக்கு வேலை போனது. அதற்குத் துணிந்துதான் போயிருந்தார். பொய் சொன்னதற்காகத் தணிகாசலத்துக்கும் வேலை போனது. மேடையில் தப்பாகக் குத்தியவனைத்தான் வெளியேற்றுவார்கள், அடிபட்டவனை யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். மில்லிலும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டார் கொளஞ்சி. மனசு பெரிசு, யோசனைதான் கிடையாது.

காவல் தடியை ஒப்படைத்துவிட்டுத் தணிகாசலம் வெளியே வந்தபோது கொளஞ்சி வாசலில் காத்திருந்தார். நாங்களும் நின்றிருந்தோம்.

“தணிகா, என்னை அடிடா. ஆத்தரம் தீர அடி” என்று அழுதார்.

தணிகாசலம் கை ஓங்கவில்லை. மிச்சமிருந்த கண்ணால் அவரையே பார்த்தார்.

“அன்னைக்கி ஒன் கைதான்டா குத்துச்சி. அதான் மறைச்சேன். இன்னைக்கி நீயே குத்திட்ட.”

சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தார்.