எங்கள் மண்ணுக்கு வந்து ஆடிப் பார்

கல்லூரிக் கபடி அணிக்கு நான் கேப்டனாக இருந்த வருஷம், தமிழும் தெலுங்கும் கலந்த எங்கள் எல்லைப் பகுதிப் போட்டியில் நாங்கள் ஓர் ஆட்டம்கூடத் தோற்கவில்லை. நகரிக்காரர்களை ஜெயித்தோம், புத்தூர்க்காரர்களை ஜெயித்தோம், சத்தியவேட்டுக்காரர்களை அவர்கள் ஊரிலேயே ஜெயித்தோம். கோப்பையோடு பஸ்ஸில் எங்கள் ஊர் பிச்சாட்டூருக்குத் திரும்பும்போது, "அடுத்தது திருப்பதி!" என்று நான் கத்தினேன். கூடச் சேர்ந்து கத்த ஒருத்தியும் இல்லை. எங்கள் விளையாட்டு ஆசிரியர், நாங்கள் பி.டி. சார் என்று கூப்பிடுபவர், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

காரணம் எல்லாருக்கும் தெரியும். பொங்கலுக்கு முன்னால் திருப்பதியில் ஒரு கமிட்டி பெண்கள் கபடிக்கு அழைப்புப் போட்டி நடத்தும். எட்டு அணிகளுக்கு இடம். அந்த எட்டையும் அவர்கள் முன்கூட்டியே பங்கு போட்டுவைத்திருந்தார்கள். திருப்பதியைச் சுற்றியுள்ள கல்லூரிகளுக்கு நான்கு, சித்தூர்ப் பக்கம் மூன்று, எல்லைப் பகுதியில் இருக்கிற எங்கள் எல்லாருக்கும் சேர்த்து ஒன்று. அந்த ஒன்றும் சும்மா கிடைக்காது. எல்லையில் முதலாவதாக வருகிற அணி, முதல் நாளே திருப்பதியில் முதலாவதாக வந்த அணியோடு மோத வேண்டும். அதுவும் அவர்களுடைய கல்லூரி மைதானத்தில், அவர்களுடைய விளக்கு வெளிச்சத்தில், அவர்களுடைய கூட்டத்துக்கு நடுவில். சித்தூரில் மூன்றாவதாக வந்தவர்கள் இதைவிடச் சுலபமான ஆட்டம் ஆடினார்கள். எங்களுக்கு முன்னால் போன அணிகள் எல்லாம் முதல் நாளே தோற்று, மறுநாள் ஊரில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தன.

"இன்னாத்துக்கு சார் எப்பவும் நம்பளே அங்க போய்ச் சாவணும்?" என்று சாரிடம் கேட்டேன்.

"ரூல் அப்படிம்மா. நல்லா ஆடிட்டு வருவோம், அவ்ளோதான்" என்றார்.

நல்லா ஆடிட்டு வருவோம் என்று சொன்னாரே தவிர, ஜெயித்துவிட்டு வருவோம் என்று சொல்லவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை.

நாங்கள் மண்ணில் ஆடுகிறவர்கள். ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, வெறுங்காலில் ஆடிப் பழகியவர்கள். திருப்பதியில் தரைமேல் ரப்பர் மேட் விரித்திருப்பார்கள். அதில் ஷூ போட்டுக்கொண்டு ஆட வேண்டும். காலைத் திருப்பினால் பிடித்து இழுக்கும். முந்தின நாள் சாயங்காலமே போய்விட்டோம், மேட்டில் கொஞ்சம் பழகிப் பார்க்கலாம் என்று. அவர்கள் அணி பழகி முடிக்கட்டும் என்றார்கள். காத்திருந்தோம். அவர்கள் முடித்ததும் ஒருவர் வந்து மேட்டைச் சுருட்ட ஆரம்பித்தார். "பனி படக்கூடாது" என்றார். எங்கள் இடது மூலையில் நிற்பவள், என் வகுப்புத் தோழி, ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "நம்ப கால் பட்டாதான் பனி படுமா?" என்று அவரிடமே கேட்டாள். அவருக்குத் தமிழ் புரிந்திருக்கும். புரியாத மாதிரி போய்விட்டார்.

மறுநாள் ஆட்டம். மைக்கில் அறிவிப்பாளர் அவர்கள் கல்லூரிப் பெயரை நீட்டி முழக்கிச் சொன்னார். எங்களை "அரவ டீம்" என்றார். தமிழ் பேசுகிறவர்களைத் தெலுங்கில் கொஞ்சம் இளப்பமாகச் சொல்கிற வார்த்தை அது. கூட்டம் சிரித்தது. எங்கள் ரேஷன் கார்டு இந்த மாநிலத்தில்தான் இருக்கிறது. எங்கள் நைனா, என் அப்பா, ஓட்டுப் போடுவதும் இங்கேதான். நான் பள்ளிக்கூடத்தில் தெலுங்கில்தான் படித்தேன். ஆனாலும் அன்றைக்கு அந்த மைதானத்தில் நாங்கள் எங்கிருந்தோ வந்தவர்கள்.

முதல் பாதியில் மேட் எங்களைப் படுத்தியெடுத்தது. இரண்டாம் பாதியில் கால் பழகிவிட்டது. மெதுவாக நெருங்கினோம். நேரம் முடியப்போகிறது, நாங்கள் ஒரு புள்ளிதான் பின்னால், பாடிப் போக வேண்டியது நான். கபடியில் எதிராளியின் பக்கம் போகிறவள் திரும்பி வரும்வரை "கபடி கபடி" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவருக்குக் கேட்க வேண்டும். போனேன். அவர்களுடைய கேப்டன், என்னைவிட ஒரு தலை உயரமானவள், வலது மூலையில் நின்றாள். அவள் தோளைத் தொட்டேன். பக்கத்தில் நின்றவள் முழங்காலையும் தொட்டேன். இரண்டு பேர் இடுப்பைப் பிடித்தார்கள், உதறிக்கொண்டு கோட்டைத் தாண்டி விழுந்தேன். எங்கள் பிள்ளைகள் என்மேல் வந்து விழுந்தார்கள்.

நடுவர் விசில் ஊதி, கையை அவர்கள் பக்கம் காட்டினார். எனக்குப் பாட்டு நின்றுவிட்டதாம். நான் அவுட்டாம்.

"நிக்கல சார்! பாடிக்கினேதான் இருந்தேன்!"

"எனக்குக் கேட்கலம்மா" என்றார், தெலுங்கில்.

எப்படிக் கேட்கும்? சுற்றிலும் அத்தனை பேர் டின்னைத் தட்டிக்கொண்டு, ஊதிக்கொண்டு, கத்திக்கொண்டு இருந்தார்கள். எனக்கே என் குரல் கேட்கவில்லை. அவர்கள் பாடிப் போனபோதெல்லாம் அதே கூட்டம் கோயிலில் நிற்கிற மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றது. அங்கேதான் எனக்குப் புரிந்தது, சொந்த மைதானம் என்றால் வெறும் தரையும் விளக்கும் இல்லை. யார் குரல் நடுவர் காதில் விழவேண்டும் என்பதையும் அது முடிவுசெய்கிறது.

தோற்றோம். சார் எங்களை வேனுக்குப் போகச் சொன்னார். நான் போகவில்லை. ஷூவோடு நேராகக் கமிட்டி மேஜைக்குப் போனேன். செயலாளர் பட்டுச் சால்வையோடு உட்கார்ந்திருந்தார்.

"சார், எல்லையில முதல்ல வந்தவங்க ஏன் முதல் நாளே இங்க வந்து இவுங்களோட ஆடணும்? வேற எங்கியாவது பொதுவான இடத்துல வையுங்க."

அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. "ஜனம் வரணும் இல்லையாம்மா" என்றார். "முதல் நாள் ஊர் டீம் ஆடினாத்தான் கூட்டம் வரும், கூட்டம் வந்தாத்தான் போட்டி நடக்கும். உங்க டீம் ஆட்டத்தைப் பார்க்க யார் வருவாங்க?"

"எங்க ஊர்ல வையுங்க, யார் வர்றாங்கன்னு பாருங்க."

மேஜையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பக்கத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அவர்கள் கேப்டன் சிரிக்கவில்லை. பாட்டிலை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "கூட்டத்தாலதான் நாங்க ஜெயிச்சோம்ங்கறியா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

"ஆமா. இல்லேன்னா எங்க மண்ணுக்கு வந்து ஆடிப் பாரு" என்றேன். நானும் தெலுங்கில்தான் சொன்னேன், சுற்றி நின்ற எல்லாருக்கும் புரியட்டும் என்று.

"வஸ்தானு" என்றாள். வருகிறேன் என்று ஒரே வார்த்தை. செயலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அதற்குள் போய்விட்டாள்.

வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். வந்தாள். பொங்கல் முடிந்து, கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த சமயம், முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் அணி மொத்தமும் வேனில் வந்து ஏரிக்கரையில் இறங்கியது. கமிட்டிக்குத் தெரியாமல் வந்திருந்தார்கள். மண்ணைப் பார்த்ததும் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, காலால் தேய்த்துப் பார்த்தார்கள். "கொஞ்ச நேரம் பழகிக்கோங்க, அவசரமில்ல" என்று சொன்னேன். அவர்கள் பழகி முடிக்கும்வரை நாங்கள் கோட்டுக்குள் கால் வைக்கவில்லை.

ஊரே திரண்டிருந்தது. பக்கத்துக் கிராமங்களிலிருந்து டிராக்டரில் வந்திருந்தார்கள். எங்கள் நைனா கரும்பு வெட்டை நிறுத்திவிட்டு வெட்டுகிற ஆட்களோடு வந்து முன்வரிசையில் நின்றார். யாரோ மேளம் கொண்டுவந்துவிட்டார்கள். பாடும்போது அடிக்காதீர்கள் என்று ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டேன். தலையாட்டினார்கள். முதல் புள்ளி விழுந்ததும் மறந்துவிட்டார்கள்.

நடுவராக நின்றவர் எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூட விளையாட்டு ஆசிரியர். எங்களில் பாதிப்பேருக்கு அவர்தான் முதலில் கபடி சொல்லித்தந்தவர். ஆட்டம் சமமாகப் போனது. மண்ணில் எங்கள் கால் ஓடியது. ஆனால் அவர்கள் லேசுப்பட்டவர்கள் இல்லை. கை பிடித்தால் இரும்புதான். கடைசிப் பாட்டு வந்தபோது நாங்கள் ஒரு புள்ளி முன்னால் இருந்தோம். அவர்கள் கேப்டன் பாடி வந்தாள். மேளம் பிய்த்துக்கொண்டு போனது. அவள் என் தோழியைத் தொட்டாள், இன்னொருத்தியையும் தொட்டாள். நான் அவள் காலைப் பிடிக்கப் பாய்ந்தேன், கையில் படாமல் ஓடிக் கோட்டைத் தாண்டிவிட்டாள்.

விசில். நடுவர் கையை எங்கள் பக்கம் காட்டினார். "பாட்டு கேக்கல! அவுட்!"

கூட்டம் வானத்துக்கு எழும்பியது. அவர்கள் கேப்டன் வாதாடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு, இடுப்பில் கைவைத்து, என்னைத்தான் பார்த்தாள்.

நான் அவள் கால் பக்கத்தில் கிடந்தவள். ஒரு கை தூரம். பாயும்போதும் விழும்போதும் அவள் குரல் என் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் நடுவர் முன்னால் நின்றேன்.

"சார், அவ பாடிக்கினேதான் இருந்தா. எனக்குக் கேட்டுச்சு."

"எனக்குக் கேக்கல. நீ போய் நில்லு."

"மேளம் அடிச்சாங்க சார், உங்களுக்கு எப்படிக் கேக்கும்? அவ ரெண்டு பேரைத் தொட்டுட்டா. புள்ளி அவுங்களுக்கு."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உனக்கு ஜெயிக்க வேணாமா?"

"வேணும். இப்படி வேணாம்."

என் அணியில் இரண்டு பேர் என் கையைப் பிடித்து இழுத்தார்கள். என் தோழி மட்டும் தானாகவே கோட்டைவிட்டு வெளியே போய் உட்கார்ந்தாள், தொடப்பட்டவள் உட்காருகிற இடத்தில். அதைப் பார்த்த பிறகு நடுவர் கையை மாற்றிக் காட்டினார். ஒரு புள்ளியில் தோற்றோம்.

கூட்டத்திலிருந்து என்மேல் விழுந்த வார்த்தைகளை எழுத முடியாது. அவர்கள் அணி வேன் ஏறும்வரை எங்கள் பிள்ளைகளும் நானும் சுற்றி நின்றோம், யாரும் கிட்டே வரவில்லை. வீட்டுக்குப் போனால் நைனா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஊரு முன்னால தலை குனிய வெச்சிட்டியே. யாராவது தனக்குத்தானே அவுட்டு சொல்லுவாங்களா?"

"அங்க எனக்கு அநியாயம் பண்ணாங்கன்னு நீயும்தானே நைனா ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிஞ்ச? அதே அநியாயத்த நா பண்ணினா, அப்புறம் எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போய்க் கேக்கறது?"

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டார். போகட்டும் என்று நானும் இருந்தேன்.

விஷயம் திருப்பதிக்குப் போய்ச் சேர்ந்தது. யாரோ ஆட்டத்தைப் படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். செயலாளர் பி.டி. சாருக்குப் போன் செய்தார். சார் போனை என்னிடம் கொடுத்தார்.

"இப்போ திருப்தியாம்மா?" என்றார் செயலாளர். "உங்க ஊர்லயும் தோத்துட்டீங்க. மைதானத்துல ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சிதா?"

"சார், உங்க ஊர்ல என்னைத் தோக்கடிச்சாங்க. எங்க ஊர்ல நா தோத்தேன். ரெண்டும் ஒண்ணு இல்ல. இப்படித் தோத்தா எனக்குத் தூக்கம் வருது. உங்க போட்டியையும் இப்படி நடத்துங்க."

பி.டி. சார் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நின்றார். ஆனால் போனைப் பிடுங்கவில்லை. அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு அவரே என்னை அழைத்துக்கொண்டு போனார். அங்கே அவர்கள் கேப்டனும் வந்திருந்தாள், நாங்கள் பேசிவைத்துக்கொள்ளவில்லை. முதல் ஆட்டத்தைச் சொந்த மைதானத்தில் தங்கள் அணி இனி ஆடாது என்று அவள் சொன்னாள். "அவங்க மைதானத்துல மேளத்தை மீறி எனக்கு நியாயம் கிடைச்சுது. என் மைதானத்துல அவளுக்குக் கிடைக்கல. அன்னிக்கு ஜெயிச்சதை எங்க வீட்ல சொல்லிக்க எனக்கே வெக்கமா இருக்கு" என்றாள். செயலாளர் சால்வையைச் சரிசெய்துகொண்டார். நான் சொன்னபோது சிரித்தவர்கள், அவள் சொன்னபோது சிரிக்கவில்லை. அந்த வித்தியாசமும் எனக்குக் கசந்தது. ஆனாலும் சொன்னாள்.

அடுத்த வருஷம் எல்லை அணியின் முதல் ஆட்டத்தைச் சித்தூரில் வைத்தார்கள். நான் படிப்பை முடித்து, சத்தியவேட்டுப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். சித்தூர்க் கூட்டத்துக்கு இரண்டு அணியும் வேற்று ஆட்கள். முதலில் யாருக்குக் கைதட்டுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு யார் நன்றாகப் பாடிப் போனாலும் கைதட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் ஜெயித்து அரையிறுதிக்குப் போனார்கள், அங்கே தோற்றார்கள்.

எட்டில் எங்களுக்கு இன்னும் ஒரே இடம்தான். "மைதானத்த மாத்திட்டோமே, இன்னும் இன்னா வேணும்?" என்று பி.டி. சார் கேட்கிறார். இன்னும் ஓர் இடம் வேண்டும். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கமிட்டி கூடுகிறபோதெல்லாம் ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறேன். என்னைப் பார்த்ததும் செயலாளர் முகம் சுளிக்கிறார். சுளிக்கட்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்துகொள்கிறேன்.