நம்பாதீங்க என்றவர்

என் மகள் படிப்பது கெலமங்கலம் பக்கத்துக் கல்லூரி. அதற்கு ஆன்லைன் வகுப்பு நடத்தித் தரும் கம்பெனியிலிருந்து மாணவர்களின் விவரங்கள் திருடுபோய்விட்டதாக, கல்லூரி அலுவலக அம்மா போன் செய்தார்.

“காலேஜ்னு சொல்லி யாரு ஓடிபி கேட்டாலும் குடுக்காதீங்கண்ணா.”

ஷிப்ட் முடிந்து வந்த அசதி எனக்கு. “நீங்க காலேஜ்தான்னு நான் எப்படி நம்புறது?” என்று எரிந்து விழுந்தேன்.

“நம்பாதீங்க. கட் பண்ணிட்டு, பொண்ணு ஐடி கார்டுல இருக்குற நம்பருக்கு நீங்களே கூப்பிடுங்க.”

கூப்பிட்டேன். அதே குரல்தான் எடுத்தது.

மறுநாளே ஒருவன் ஓடிபி கேட்டு அழைத்தான். மகள் பெயர், ரோல் நம்பர் எல்லாம் சரியாகச் சொன்னான். ஓடிபி சொல்லாமல் போனை வைத்துவிட்டேன்.

நன்றி சொல்ல நேரில் போனேன். அந்த அம்மா கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு, போனில் யாருக்கோ தெலுங்கில் அதே எச்சரிக்கையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் பெயரைச் சொல்லி, அவள் அப்பா என்றேன். அன்று எரிந்து விழுந்தவன் நான்தான் என்று குரலை வைத்தே கண்டுகொண்டார்.

“நீங்க அப்பாதான்னு நான் எப்படி நம்புறது?” என்று சிரித்தார்.

சந்தோஷமாக ஆதார் அட்டையை எடுத்து நீட்டினேன்.